முன்பணம்

முதல் ஆள் ட்ரோன் காட்டினார்.
மேலிருந்து பார்த்தால்
கொளத்தூர் மண்டபம்கூட அழகுதான்.
இரண்டாமவர், கோவளம் கடற்கரையில்
நான் மெதுவாக ஓடி வர வேண்டும் என்றார்.
யோசித்துச் சொல்கிறோம் என்றோம்.

ஆற்காடு சாலை மெட்ரோ புழுதிக்குக்
கதவைச் சாத்தி வைத்திருந்த மாடியறையில்
முபாரக் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

அக்கா கல்யாணத்துல
தாலி கட்டினப்ப கேமராக்காரர் முதுகைத்தான் பார்த்தோம், என்றேன்.
உட்கார்ந்து எடுக்கிறேன் என்று எழுதினார்.
பந்தியில் வாய்க்கு நேரே விளக்கடிக்கக் கூடாது.
எழுதினார்.
திரும்பக் கட்டுங்க, திரும்பச் சிரிங்க, கிடையாது.
அதையும்.

பிறகு அவர் கேட்டார்:
யாரை எடுக்கக் கூடாது?

அம்மா கைப்பை ஜிப்பை மூடினாள், திறந்தாள்.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.
கீழே பங்க்சர் கடையில்
கம்ப்ரசர் ஓடி நின்றது.

ஒருத்தர் வரலாம். வராமலும் போகலாம்.
மேடைக்கு வர மாட்டார்.
கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல, தூண் ஓரமா
மொய்க் கவரோட நிப்பார்.
எடுங்க.
ஆல்பத்துல வேண்டாம், படத்துலயும் வேண்டாம்.
தனியா ஒரு பென்டிரைவ்ல.

அம்மா எழுந்து
சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு ஜோடியைப்
பார்க்கப் போனாள்.

எப்படிம்மா அடையாளம் தெரியும்?

என்னைப் பாருங்க, என்று
கண்ணாடியைக் கழற்றினேன்.

படியிறங்கும்போது ரசீதைப் படித்தேன்.
இரண்டு கேமரா. ட்ரோன் இல்லை.
முன்பணம் பத்தாயிரம்.
அடியில், கிறுக்கலாக,
மூக்கு.