செத்த ஷாட்

பிரன்ஸ்விக்கில், ட்ராம் மணி கேட்கும் கடை.
முதல் வாரம் முழுக்கச் சொற்களோடு போனது.
பிளாட் ஒயிட்டில் தட்டையாக இருப்பது எது,
இன்னும் தெரியாது எனக்கு.
லாங் பிளாக்குக்கு முதலில் வெந்நீர்,
அதன்மேல்தான் காப்பி;
மாற்றி ஊற்றினால் பொன்நுரை உடையும்,
பெயரும் மாறிவிடும்.
சாய் டீ கேட்பவர்களிடம்
'டீ டீயா?' என்று கேட்காமலிருக்கப் பழகினேன்.
அதிலேயே ஒரு ஷாட் காப்பி விழுந்தால்
டர்ட்டி சாய்.
அழுக்குக்கு ஒரு டாலர் கூடுதல்.

திமித்ரா மெஷினை விரலால் தட்டுவாள்:
"பத்து நொடி. அதற்குமேல் நின்றால்
டெட் ஷாட். கொட்டிவிடு."
இரண்டு நாள் கொட்டினேன்.
மூன்றாம் நாள் ஒன்றை
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்று குடித்தேன்.
கசந்தது.
சுட்டது.
செத்ததாகத் தெரியவில்லை.
எங்கள் வீட்டில் காலை ஆறு மணி டிகாக்ஷன்
மாலை நாலுக்கும் மூச்சு விடும்.

ஏப்ரன் பையில் ஃபோன்.
பூங்கோதையின் செய்தி, பதினோரு நாளாய்.
'கோபமா?'
அவ்வளவுதான்.
பால் சீறி அடங்கும் இடைவெளியில்
'இல்லடி' என்று அடித்தேன்.
அனுப்புவதற்குள் திமித்ராவின் குரல்:
"ரெண்டு மேஜிக்!"

மேஜிக் என்றால் இந்த ஊரில்
இரட்டை ரிஸ்ட்ரெட்டோ, முக்கால் கிளாஸ்.
முக்காலுக்கு மட்டும்
யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
ஈரக் கட்டைவிரலால் அனுப்பிவிட்டு
பாலை அங்கே நிறுத்தினேன்.