நூற்றுப் பதினெட்டு

வாலிநோக்கத்து உப்பளத்தில் பலகை இழுக்கிறவன்.
நம்புராசு, இருபத்துமூன்று.
ராத்திரி இரண்டேகாலுக்கு லோடு ஆட்டோவில்
மீன்பெட்டி கட்டும் நைலான் கயிற்றால்
கட்டித்தான் கொண்டுவந்தார்கள்
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு.

என் வேலை ரத்தம் பார்ப்பது, ஆளை அல்ல.
பிடிக்கக் கை போதவில்லையென்று என்னையும் கூப்பிட்டார்கள்.
தொட்ட இடம் சுட்டது. நாடி நூற்றறுபது.
தாடை தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருந்தது.
விசிறியில் யாரோ உட்கார்ந்திருக்காங்க,
இறக்கிவிடுங்க, பாவம், என்றான்.

"என்ன எடுத்தான்?"
கூட வந்த ரீகன் செருப்பைப் பார்த்தான்.
"உப்பு, மேடம்."
டாக்டர் பேனாவை நிறுத்தினார்.
"எந்த உப்பு?"

குளிக்கிற உப்பாம். விரல் நீளப் பை.
மனிதர் உட்கொள்ள அல்ல என்று அச்சடித்திருந்தது.
பையில் அது ஒன்றுதான் உண்மை.
எங்கோ செங்கடலுக்கு அப்பால்
சாயங்காலம் மென்று துப்பும் ஓர் இலை;
அதன் சாரத்தைப் பார்த்து
எவனோ ஒரு கொட்டகையில் செய்தது.
ஒரு பெயரைத் தடை செய்தால்
வால் மாற்றி அடுத்த பெயரில் வரும்.

நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே
சொன்ன சேதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு மடை உண்டு.
இந்தத் தூள் மடையை அடைக்கும்.
சிலது உள்ளிருப்பதையும் வெளியே தள்ளும்.
வற்ற வேண்டிய பாத்தி வற்றாது,
டோபமின் கரை தாண்டும்.
உப்பளத்தானுக்கு நான் சொல்லவா வேண்டும்.

சிறுநீர் கிட்டில் எல்லாக் கோடும் விழுந்தது.
எந்தப் போதையும் இல்லையாம்.
கிட்டுக்கு இந்தச் சரக்கு அறிமுகமில்லை.
சிறுநீரோ கடுங்காப்பி நிறம்:
தசை கரைந்து இறங்குகிறது,
சிறுநீரகம் தாங்குமா, காலையில்தான் தெரியும்.

பிறகு சோடியம். நூற்றுப் பதினெட்டு.
மெஷின் கோளாறென்று மறுபடி ஓட்டினேன்.
நூற்றுப் பதினெட்டு.
"தாகம் தாகம்னு ஒரு குடம் குடிச்சான்க்கா."

உள்ளங்கால் வெடிப்பில் உப்பு பூத்திருந்தது.
ரத்தத்தில்தான் இல்லை.

ஆட்டோவின் மீன்பெட்டியில் ஐஸ் மிச்சமிருந்தது.
அள்ளிவந்து அக்குளில், தொடையிடுக்கில் வைத்தோம்.
வார்டு முழுக்க நகரை வாடை.
உப்புநீர் துளித்துளியாக ஏறியது.
"மெதுவா, சிஸ்டர், அவசரப்பட்டா மூளை கெட்டுப்போகும்."

ரிஜிஸ்டரில் போதைப் பரிசோதனை: இல்லை.
கட்டத்தில் அதற்குமேல் இடமில்லை;
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு கரண்ட் போயிற்று.
"இறங்கிட்டாங்களா?" என்றான், கண் திறக்காமல்.
நின்றுபோன விசிறியை
நானும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.