ஒரு கை பாவித்தது

முதல் தடவை வந்தது ஒரு டைல்ஸ் துண்டு.
வெள்ளை. ஓரத்தில் நீலப்பூ.
"காசத் தந்தாத்தான் பெட்டிய உடைக்கலாம் அக்கா"
என்ற கூரியர் பெடியன்
நான் உடைக்கும்வரை கேற்றடியில் நின்றான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
ஹெல்மெட்டை மட்டும் மிக மெதுவாகப் போட்டுக்கொண்டான்.

இருபத்தாறாயிரம்.
லைனிங் வைத்த பதின்மூன்று சாறி பிளவுஸ்.
அந்தத் துண்டு இப்போது தையல் மெஷின் காலுக்குக் கீழே கிடக்கிறது.
ஆட்டம் நின்றுவிட்டது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் தடவை
நேரில் காட்டுகிறவர்களை மட்டும் தேடினேன்.
"ஒரு கை பாவித்தது. தண்ணி படல்ல.
அவசரக் காசுத் தேவை. வீண் கதை வேணாம்."
சாய்ந்தமருது. பெயர் நஸ்மில்.
படத்தில் போனைப் பிடித்திருந்த பெருவிரலில்
நகம் கறுத்திருந்தது, சுத்தியல் பட்டதுபோல்.
சுத்தியல் பிடிக்கிறவன் ஏமாற்றமாட்டான் என்று
எந்தச் சட்டத்தில் இருக்கிறது?
ஆனாலும் பெரியகல்லாற்றில் பஸ் ஏறினேன்.

கல்முனை பஸ் ஸ்டாண்ட், உச்சி வெயில்,
தேத்தண்ணிக் கடை வாசல்.
தங்கச்சி புவிதா எழுதித்தந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு
பதினைந்து இலக்கத்தையும் 1909க்கு அனுப்பினேன்.
இரண்டு சிம்மும் மாற்றிப் போட்டேன்.
அக்கரைப்பற்று பஸ்ஸைப் படம் பிடித்து
பெயர்ப்பலகையைப் பெருப்பித்து வாசித்தேன்.
சார்ஜர் ஓட்டைக்குள் டோர்ச் அடித்தேன்.
மாட்டின் வாயைத் திறந்து பல் எண்ணுகிறவளைப் பார்ப்பதுபோல்
பொறுமையாக நின்றான் அவன்.

"முப்பத்தெட்டு அக்கா."
"முப்பத்தஞ்சு."
"ஆறுக்காச்சும் எடுங்க."
டைல்ஸ் துண்டின் கோபம் முழுவதையும்
அவன் தலையில் இறக்கினேன்.
முப்பத்தைந்து.
எண்ணாமலே பொக்கெட்டில் வைத்தான்.
அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நல்ல போன்.
மயில் பச்சை எது, பாசிப் பச்சை எது என்று
சாறியை வீட்டுக்குக் கொண்டுவராமலே தெரிகிறது.
பொங்கலுக்கு முந்திய கிழமை மட்டும் பதினெட்டு ஓடர்.
முதலைத் தைமாதமே எடுத்துவிட்டேன்.

படம், நம்பர் எல்லாம் அழித்துத்தான் தந்திருந்தான்.
கீபோர்ட்டை மறந்துவிட்டான்.

"நா" என்று தட்டினால் "நாளைக்கு" வந்தது.
அதைத் தொட்டால் "கட்டாயம்."
அதையும் தொட்டால் "போடுறன்."
பிறகு "சேர்."
"கொ" தட்டினேன்: கொஞ்சம் பொறுங்க சேர்.
"லீ": லீசிங்.
"உ": உம்மாக்கு சொல்ல வேணாம்.
அதன் பிறகு ஒரு கிழமை
"உ" வருகிற சொல்லை நான் எழுதவில்லை.
உள்பொக்கெட், உக்கு, உடனே, எதுவும்.

துறைநீலாவணை ரீச்சருக்கு ஒருநாள்
நாளைக்கு கட்டாயம் தாறன் சேர் என்று போய்விட்டது.
"நான் எப்ப சேர் ஆனேன்?" என்று சிரிப்புப் படம் ஆறு அனுப்பினா.

மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா?
புவிதாவிடம் கேட்டால் பைத்தியம் என்பாள்.
கேட்காமல் எழுதினேன்:
தம்பி, கல்முனையில போன் வாங்கின அக்கா நான்.
ஒரே ஒரு சாம்பல் சரிக்குறி.
அடுத்த நாளும் ஒன்று.
எங்கே போய்ச் சேரும்?
அவனுக்கு வரவேண்டியதெல்லாம் வந்துசேர்கிற போன்
என் கையில் அல்லவா இருக்கிறது.

"ரீசெட் பண்ணக்கா, ஒரு நிமிசம்" என்கிறாள் புவிதா.
பண்ணலாம்.
இப்போது "நாளைக்கு" என்றதும்
"பிளவுஸ்" முந்திக்கொண்டு வருகிறது,
அதற்குப் பக்கத்தில் "அளவு."
"கட்டாயம்" மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது.

இரவில் மெஷினை மூடியபின்
சில வேளை அதைத் தேடித் தொடுகிறேன்,
இன்னும் கீழே போய்விடாதபடிக்கு.
போடுறன். சேர்.
பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறேன்.