அரைப்பேர்

செவ்வாய், காலை எட்டேகால்.
எழுத்துத்திறன், பதினைந்தாம் வாரம், கடைசி வகுப்பு.
ஹட்டன் பனி யன்னலால் நுழைந்து
பின்வாங்கில் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு நான் வரவு போட வேண்டியதில்லை.

இடாப்பில் நாற்பத்தொரு பேர்.
எண்ணினால் இருபத்தாறு.
கூப்பிட்டால் இருபத்தெட்டு.
ஜெபநேசன் மூன்று குரலில் ‘வந்தேன்’ சொல்வான்.
அவன் எழுதும் கதையில் மட்டும்
கிழவனும் பொலிஸ்காரனும் கைக்குழந்தையும்
ஒரே குரலில் பேசுகிறார்கள்.

நூற்றுக்கு எண்பது வரவு இல்லையென்றால்
பரீட்சை இல்லை.
பதினைந்தில் மூன்று நாள் போகலாம்.
நான்காவதற்கு மருத்துவச் சான்றிதழ்.
டவுன் டொக்டர் ஒருவர் எல்லாருக்கும்
ஒரே காய்ச்சலை எழுதிக்கொடுக்கிறார்,
ஒரே எழுத்துப்பிழையோடு.
பிழையை மட்டும் திருத்திக் கோப்பில் வைக்கிறேன்.

காரணம் என்ற கட்டம் ஓர் அங்குலம்.
அதற்குள் இந்தப் பருவம் நான் எழுதியது:
மண்சரிவு. பஸ் இல்லை. காய்ச்சல்.
தம்பிக்கு அடையாள அட்டை.
மண்சரிவு.
கேட்டதற்குப் பதில் இல்லை.
காய்ச்சல்.
ஒரு வினைச்சொல்கூட இல்லாத வசனங்கள்.
இதை அவர்கள் எழுதியிருந்தால்
சிவப்பில் கோடு இழுத்திருப்பேன்.

கரும்பலகையில் இன்று தோன்றா எழுவாய்.
“‘வந்தேன்’ என்கிறோம். ‘நான்’ எங்கே?”
யாரும் வாய் திறக்கவில்லை.
“வாலில் இருக்கிறது, பாருங்கள்,
வந்த், ஏன்.”
பஸ்மிலா சிரித்தாள்:
“வந்தா, ஏன் வந்தேன்னு அதுவே கேக்குதா மெடம்?”

ஒன்பது நாற்பதுக்குக் கதவு அசைந்தது.
டிலோஜினி. முழங்கை வரை ஈரம்.
பொகவந்தலாவ பஸ் நோர்வூட்டில் நின்றுவிட்டதாம்,
மிச்சத்தை நடந்தும் லொறியிலும் வந்தாளாம்.
வகுப்பு முடிய இருபது நிமிடம்.
வாசலிலேயே நின்று கேட்டாள்,
“மெடம், அரைப்பேராவது போடுவீங்களா?”

பாதி வகுப்பு சிரித்தது.
மற்றப் பாதிக்கு அந்தச் சொல்
வீட்டுக்குள் கேட்ட சொல்.
நிறை குறைந்தால்
நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு
அரை நாள்.

எனக்கும் அது வீட்டுச் சொல்தான்.
ஆனால் மறுபக்கத்து வீடு.
அப்பா செக்ரோல் எழுதியவர்.
இரவுச் சோற்றுக்குப் பிறகு
கையைத் துடைத்து, மறுபடி துடைத்து,
அதன் பிறகுதான் திறப்பார்.
ஏட்டில் குழம்பு பட்டு
ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

இந்த இடாப்பில் அரை கிடையாது.
சரி, அல்லது பூச்சியம்.
அவள் போன நாள் மூன்று.
இன்றைக்குச் சரி போட்டால், எண்ணி எண்பது.
அரை என்று ஒன்று இருந்து
அதைப் போட்டாலும் எட்டாது.

வராதவர்கள் வராத நாளை எழுதித் தர வேண்டும்
என்பது என் சொந்த விதி.
அலுவலகத்துக்குத் தெரியாது.
அவள் தாளை நீட்டினாள், ஓரம் ஊறிப்போயிருந்தது.
முதல் நாள் மண்சரிவு, ஒன்றரைப் பக்கம்,
முற்றுப்புள்ளி எங்கும் இல்லை.
இரண்டாம் நாள் ஒரு சாவு வீடு.
மூன்றாம் நாள் இவ்வளவுதான்:
‘பஸ் வந்தது. நான் ஏறவில்லை.’

பருவம் முழுக்க இந்த வகுப்பில்
இதைவிட நேரான வசனம் எழுதப்படவில்லை.
வாசித்துக்கொண்டே இருந்தேன்.
‘இல்லை’க்கு வால் கிடையாது.
நானோ நீயோ அவளோ, ஒரே இல்லை.
வந்தவருக்கு வினையே போதும்;
வராதவர்தான்
‘நான்’ என்று எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.
இதைப் பாடத்தில் சொல்லத் தவறிவிட்டேன்.
அதற்குள் மணி அடித்தது.

நாலு மணிக்கு இடாப்பு அலுவலகம் போக வேண்டும்.
பார்சல் சோறு தின்று
கையைத் துடைத்தேன்.
மறுபடி துடைத்தேன்.
சரி போட்டேன்.
பக்கத்தில் 9.40 என்றும் எழுதினேன்,
கேட்பவர்கள் என்னைக் கேட்கட்டும்.

ஜெபநேசனின் மற்ற இரண்டு குரல்களை
என்ன செய்வதென்றுதான்
இன்னும் தெரியவில்லை.