பின்தலை

குவோபியோ நகரில் ஏழாம் தடப் பேருந்தை
பதினாறு வருடமாக ஓட்டுகிறேன்.
ஏறுகிறவர்கள் அட்டையை இயந்திரத்தில் தொட்டுவிட்டு
உள்ளே போய்விடுவார்கள்.
அவர்களுக்கு நான் என்றால்
இருக்கை விளிம்புக்கு மேலே தெரிகிற
பின்தலை.

அதனால் அதைக் கறுப்பாக வைத்திருந்தேன்.
ஐந்து வாரத்துக்கு ஒரு டப்பா.
டப்பாவின் மேல் சிரிக்கிறவளுக்கு
இன்னும் இருபத்தாறு வயது.

அக்டோபரில் ஒரு காலை கண் திறக்கவில்லை.
இமை இரண்டும் ஊறிய பன் மாதிரி.
காதுக்குப் பின்னால் நீர் கோத்து வடிந்தது.
தோல் மருத்துவர் முதுகில் சதுரம் சதுரமாய் ஒட்டி
இரண்டு நாள் கழித்துப் பிய்த்தார்.
நாலாவது சதுரம் கனன்று கிடந்தது.
பாரா-ஃபினைலீன்-டையமீன் என்றார்.
மூன்று முறை சொல்லச் சொன்னேன்.
இத்தனை வருடம் தலையில் தூக்கிச் சுமந்தவனுக்குப்
பெயர் தெரிய வேண்டாமா?

மூன்று மாதம் எதுவும் பூசவில்லை.
வகிட்டில் வெள்ளை ஒரு விரற்கடை,
பிறகு இரண்டு.
கம்பளித் தொப்பியோடு ஓட்டினேன்.
பனிக்காலம், யாரும் கேட்கவில்லை.
பனிக்காலம் ஏப்ரலில் முடிந்துவிடும்.

சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஸமாஹிர்
மருதாணிப் பொடியைப் பொட்டலம் கட்டினாள்.
"கறுப்பாகாது" என்றாள், மிச்சக் காசு தரும்போது.
"பிறகு?"
"அதை உன் தலையைத்தான் கேட்க வேண்டும்."

எலுமிச்சைச் சாற்றில் குழைத்து
ஹீட்டர் மேல் வைத்தேன் ஓர் இரவு.
விடிந்தால் வீடெல்லாம் நனைந்த வைக்கோல் வாசனை.
சீப்பில் சிக்கிய நாலைந்து வெள்ளை முடியை
முக்கி எடுத்துப் பார்த்தேன்.
சதுப்பில் பழுக்கிற லக்கா பழத்தின் நிறம்.
பயந்து மூடினேன்.
மூடியைத் திறந்து இன்னொரு முறை பார்த்தேன்.

எங்கள் கட்டடத்து சவுனா அடித்தளத்தில்.
வியாழன் ஆறிலிருந்து ஏழு என் நேரம்.
ஏழிலிருந்து எட்டு மூன்றாம் மாடி ரைமோ.
எங்களுக்குள் அதுவரை நடந்த பேச்சு
அறிவிப்புப் பலகையில் இரண்டு சீட்டு:
"பெஞ்சைத் துடைத்துவிட்டுப் போகவும்."
"துடைத்துவிட்டுத்தான் போனேன்."

முன்பக்கம் முடிந்தது. காதோரம் முடிந்தது.
பின்தலைக்கு வந்ததும்
கை போகவில்லை.
ஸ்டியரிங் தின்ற தோள்,
காது உயரத்தோடு நின்றுவிடும்.
இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தால்
வலதுக்குப் போன கை இடதில் அலைகிறது.
சுவரெல்லாம் பச்சைச் சேறு.
ஏழு மணி. கதவு தட்டுகிறார்கள்.

குளியல் அங்கியை இறுக்கிக் கட்டித் திறந்தேன்.
வாளியும் துண்டுமாக ரைமோ.
என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு
என் மூக்கு நுனிவரை வந்து நின்றது.
"பின்னால் விட்டுப்போயிருக்கிறது."
"தெரியும்."
உள்ளே எங்கோ குழாய் சொட்டியது.
"நான் சுவர் பூசுகிறவன்" என்றார்.

உடைமாற்றும் அறையில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
ஓரத்தை முதலில், நடுவை அப்புறம்,
கழுத்திலிருந்து மேலே.
தரையில் ஒரு துளி விழவில்லை.
இடையில் ஒரே ஒரு வாக்கியம்:
"கெட்டியாகக் குழைத்திருக்கிறீர்கள்."
பாராட்டா என்று கேட்கவில்லை.
அவர் நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் போயிற்று.
மறுநாள் பலகையில் சீட்டு இல்லை.

அலசியதும் வேரில் லக்கா பழம்,
நுனியில் பழைய டப்பா,
நடுவில் இரண்டும் அடித்துக்கொண்டன.
இரண்டு நாளில் கொஞ்சம் அடங்கிச் செம்பானது.

திங்கட்கிழமை தொப்பியைக் கழற்றி ஓட்டினேன்.
பள்ளி நிறுத்தத்தில் ஒரு பையன்,
"அம்மா, டிரைவர் தலையில தீ" என்றான்.
அவள் அவன் வாயைப் பொத்துவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் ரைமோ.
அன்று கையுறை கிழிந்திருந்ததை
இருவருமே கவனித்திருக்கவில்லை.
அட்டை பிடித்த ஆள்காட்டி விரல்
நகத்தோடு சிவந்திருந்தது.
"சோப்பில் போகவில்லை."
"போகாது. நகம் வளர்ந்துதான் போகும்."

எப்போதும் கடைசி வரிசைக்குப் போகிறவர்
எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.
பூச்சு எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று
பார்க்கிறாரோ என்னவோ.
சிவப்பு விளக்கில் நின்றபோது
தலையை அசைக்காமல் வைத்திருந்தேன்.