இடப்பக்கம் இழுக்கிறது

நைட் முடித்து வருகிறவளுக்குக்
காலை ஏழரை நடுச்சாமம்.
டைக் வீதியில் என் மாடி அறை,
கடலைப் பார்த்த சன்னல்.
அந்தக் கடலைக் காட்டித்தான்
பிலோமினா அன்ரி வாடகையில் இரண்டாயிரம் கூட்டினா.
இப்போது அதே கடல்
வெயிலை வாங்கி முகட்டில் எறிகிறது;
மூடிய இமைக்குள்ளும் அலை.

சன்னலுக்கு ஒரு சுருள்திரை இருந்தது,
இருந்ததென்று பேர்.
துணி உப்பில் நைந்து
பிடித்த இடமெல்லாம் பொடிந்தது.
நித்திரை வராத ஒருநாள் ஓட்டைகளை எண்ணினேன்: பதினேழு.
பதினெட்டாவது, எண்ணிய விரலால்.

"புதுசு பூட்டினால் பதினெண்ணாயிரம், மகள்.
துணியை மட்டும் மாத்தேலாதோ?" என்றா அன்ரி.
மாத்தலாம். ஆர்?

மத்திய வீதி ஜவ்பர் நானா கடையில்
நிலாவெளி ஹோட்டல் ஒன்று சொல்லிவிட்டு எடுக்காத
சாம்பல் துணி கிடந்தது, முதுகில் ரப்பர் பூச்சு.
"சூரியனே வந்து கதவைத் தட்டினாலும் தெரியாது, மிஸ்."
ஒன்றரை யார். துண்டென்பதால் குறைத்துத் தந்தார்.

ஞாயிறு, ஓய்வு.
கட்டிலில் ஏறி உருளையைக் கழற்றினேன்.
ஒரு முனையில் உருண்டை ஆணி, மறுமுனையில் தட்டை.
தட்டையை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது
விட்ட பிறகு தெரிந்தது:
உள்ளே இறுகிக் கிடந்த ஸ்பிரிங்
கர்ரென்று கைக்குள் அவிழ்ந்து
துரு முழுவதையும் உள்ளங்கையில் அப்பியது.

பழந்துணியை உரிக்க உரிக்க நிறம் மாறியது.
வெளிச்சுற்றெல்லாம் தேத்தண்ணிக் கறை.
மரத்தோடு ஒட்டிய கடைசிச் சுற்று மட்டும்
நல்ல கிளிப்பச்சை.
அதற்கும் கீழே, உருளையில், பென்சிலால்
44 என்று எழுதி வெட்டி
43½ என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
நான் நாற்பத்துநாலு வெட்டி முடித்திருந்தேன்.

தரைச் சீமெந்தின் கோடு துணை,
பண்டேஜ் வெட்டும் கத்தரிக்கோல்,
இருபக்கமும் ஒட்டும் ரேப்,
கீழ் மடிப்புக்குள் பழைய சட்டம்.
ஸ்பிரிங்கை முள்ளுக்கரண்டியால் பதினைந்து சுற்று முறுக்கி
மாட்டினேன். இழுத்தேன். ஏறியது.
ஏறும்போது இடப்பக்கம் போனது,
ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட ஒரு நூல் தள்ளி,
கடைசியில் தாங்கியைக் கடித்துக்கொண்டு நின்றது.
மூன்று தரம் கழற்றி மூன்று தரம் மாட்டினேன்.
மூன்று தரமும் இடம்.

திங்கள் இரவு, பதினாலாம் கட்டில்.
மூதூர் சம்சுதீன், மர ஆலையில்
கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டவர்.
பண்டேஜ் சுற்றுகிறேன்,
கணுக்காலை நெருங்க நெருங்க வழுகுகிறது.
மெலிந்த பக்கத்துக்குப் பஞ்சு வை,
தடிப்பைச் சரியாக்கிவிட்டுச் சுற்று:
முதலாம் வருடப் பாடம்.
கை அப்படியே நின்றது.
"நோகுதோ, மிஸ்?" என்று
அவர் என்னைக் கேட்டார்.

விடிந்து வந்து, உருளையின் வலது முனையில்
இரண்டு விரல் நீளத்துக்குப் பிளாஸ்ரர் ஒட்டினேன்,
ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று.
பக்கத்தில் பேனையால்:
இடம் இழுக்கும். வலத்துக்குக் கட்டுப் போட்டிருக்கு.
அடுத்து உரிப்பவருக்கு
நான் வேறென்ன செய்ய.

இறக்குமுன் கீழே பார்த்தேன்.
வாசலில் எறிந்த பச்சைத் துண்டை
ஒரு மான் மோந்துவிட்டுத் தும்மியது.
இறக்கினேன்.
இருட்டு.
சுவருக்கும் துணிக்கும் நடுவே மட்டும்
ஒரு கோடு வெளிச்சம். அதை அடைக்கலாமா என்று
யோசிக்கத் தொடங்கியது வரை நினைவிருக்கிறது.

ஏழு மணி நைட்டுக்கு
ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்,
கன்னத்தில் தலையணைக் கோட்டோடு.
பதினாலாம் கட்டில்
மணிக்கூட்டைப் பார்த்தது,
என்னைப் பார்த்தது,
ஒன்றும் கேட்கவில்லை.
காலை மட்டும் நீட்டியது.