ஏலக்காரியின் இடது அக்குள்

அறுவைக்கு முதல் நாள் மாலை
மருத்துவர் தாக் இன்-சுக் கேட்டார்:
"ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள்,
குரலைப் பதிந்து வைக்கவேண்டும்."
நாம்குங் ஹியே-ரான் எண்ணவில்லை.
கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து
கானாங்கெளுத்தி முப்பது பெட்டி என்று தொடங்கி
மூச்சு விடாமல் ஏலம் விட்டாள்.
பக்கத்து அறைகளிலிருந்து
தலைகள் எட்டிப் பார்த்தன.
பூசான் மீன்துறையில் பத்தொன்பது வருடம்.
விடிவதற்கு முன்
இந்தத் தொண்டையில்தான்
கடலுக்கு விலை பிறந்திருக்கிறது.

நான் சோக் யூ-கியோங்.
நோயாளியை ஒட்டி நிற்பவள்,
ரோபோவுக்குக் கருவி மாற்றிக் கொடுப்பவள்.
அறுவைக் குறிப்பில் கடைசி வரி.

இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டினோம்,
விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் தூக்குவதுபோல.
கழுத்தில் கத்தி படாது.
அக்குள் மடிப்பில் ஐந்து சென்டிமீட்டர்,
அங்கிருந்து தோலுக்கடியில் ஒரு சுரங்கம்,
மார்புத் தசைமேல் ஊர்ந்து
காரை எலும்பைத் தாண்டி
தைராய்டின் பின்வாசல்வரை.

தாக் இன்-சுக் மூன்றடி தள்ளி
பெட்டிக்குள் முகம் புதைத்திருக்கிறார்.
செருப்பைக் கழற்றிவிட்டார், மிதிகளை உணரவேண்டுமாம்.
சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல்.
கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு.
அந்தக் கை இப்போது யாரையும் தொடவில்லை.
இரும்பு விரல்களுக்கு நடுக்கமில்லை,
தொடுவுணர்வும் இல்லை.
திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக்
கண்ணால் தொடுகிறார்:
வெளுக்கிறதா,
மினுங்குகிறதா,
சுருக்கம் நிமிர்கிறதா.
ராசி இதில் எங்கே குடியிருக்கிறது
என்று நான் கேட்டதில்லை.

பத்து மடங்கு பெரிதாகத் திரையில்
அந்த நரம்பு வந்தது.
மூளையில் புறப்பட்டு, தொண்டையைக் கடந்து,
நெஞ்சுக்குள் இறங்கி,
பெருந்தமனியை ஒரு சுற்றுச் சுற்றி
சாவியை மறந்துவிட்டு வந்தவன்போல
மறுபடி மேலேறுகிறது குரலுக்கு.
இவ்வளவு சுற்றி வந்தும் தடிமன்
சட்டைப் பொத்தான் தைக்கும் நூல்.
கட்டி அதை ஒட்டிக் கிடந்தது,
ஒன்பது மில்லிமீட்டர்,
ஒரு பட்டாணி.

நரம்பைத் தீண்டும்போதெல்லாம்
"டிக்" என்றுகொண்டிருந்த பெட்டி
மௌனமானது.

யாரும் எதையும் வெட்டவில்லை.
"இழுப்பைத் தளர்த்து,"
பக்கத்திலிருக்கும் மனிதரின் குரல்
ஒலிபெருக்கியில் வந்தது.
தோலைத் தூக்கிப் பிடித்த தகட்டின் திருகை
இரண்டு சுற்று இறக்கினேன்.
அறையில் அந்த நேரம் வேலை செய்தது
என் கை மட்டும்தான்.
மயக்க மருத்துவர் போங்
பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
பதினொரு நிமிடம்.
பிறகு ஒரு டிக்,
தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.

விழித்ததும் "பேசுங்கள்" என்றார் தாக்.
செருப்பு காலில் ஏறியிருந்தது.
அவள் வாய் திறந்தாள்.
வெறும் காற்று.
மறுபடி.
நமுத்த தீக்குச்சியை உரசியதுபோல்:
"கானாங்கெளுத்தி... ஒரு பெட்டி..."
விலையைச் சொல்லவில்லை.
விலையை வாங்குகிறவர்கள் விரலில் சொல்லவேண்டும்,
துறையின் வழக்கம் அது.
மருத்துவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.
கையுறையை உரித்துப் போட்டு
நான் மூன்று விரல் நீட்டினேன்.
கண்ணை மூடித் தலையசைத்தாள்:
படிந்தது.

ஆறு வாரம் கழித்து வந்தாள்.
கழுத்து வழுவழுவென்று இருந்தது.
"அறுத்தார்கள் என்றால் ஒருத்தி நம்பவில்லை,
ஊர் சுற்றப் போனேன் என்கிறாள்கள்."
குரலில் இன்னும் கொஞ்சம் மணல்.
ஏல மணியை இப்போது வலக்கையில் ஆட்டுகிறாள்,
இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை.
சுரங்கம் போன வழியெல்லாம் மரத்துக் கிடக்கிறதாம்,
குளிக்கும்போது அந்த இடம்
வேறு யாருடையதோபோல் இருக்கிறதாம்.
அதை எந்தப் படிவத்தில் எழுதுவது
எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது
பனிக்கட்டி சொட்டும் பெட்டியை
என் காலடியில் தள்ளினாள்.
"நீங்கள் கேட்டது."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"ஏலம் ஏலம்தான்."
மூன்று பச்சை நோட்டு எடுத்துக் கொடுத்தேன்.
எண்ணினாள்,
மூன்றாவதைக் கட்டைவிரலால்
தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.